கிள்ளான் சித்தப்பாவுக்கு விழுந்த காப்பு

கேமரன் மலையின் தானா ராத்தா பஸ் நிலையத்தில் ஒரு மனிதர் தலையில் குளியல் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஆபீஸ் கோட்டு போட்டுக்கொண்டு, தூறலில் நின்றபடி ஓட்டல் பலகைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் துண்டைப் பார்த்த கணத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

சென்ற வாரம் என் ரோஜாச் செடிகள் செத்த கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "அதோடயாவது புத்தி வந்துச்சா?" என்று கேட்டவர்கள் உண்டு. வந்திருந்தால் இந்த வாரம் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

ஐந்தாம் படிவம் முடித்து, ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தேன். பதில் வரும்வரை சும்மா இரு என்றார் அப்பா. எனக்கு வராத வேலைகளில் முதலாவது அதுதான்.

அது முதல் தவணைப் பள்ளி விடுமுறை. சமவெளியில் வெயில் தாங்காதவர்கள் எல்லாரும் ஒரே நாளில் மலையேறி வந்துவிட்டது போல ஊர் நிறைந்திருந்தது. துண்டுக்காரரின் மனைவி பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். ஒரே மழைக்கோட்டுக்குள் இரண்டு பிள்ளைகள் புகுந்துகொண்டு ஒரு முழு ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"தங்கச்சி, இங்க மலிவா ஒரு ரூம் கிடைக்குமா?" என்று அவர் கேட்டார்.

"கிடைக்கும்" என்றேன். சொன்ன பிறகுதான் எங்கே என்று யோசித்தேன்.

மூன்றாவது புள்ளி

கேமரன் மலையின் தபால் அட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பச்சை மேடு, அதன்மேல் இன்னொரு பச்சை மேடு, நடுவில் சில புள்ளிகள். அந்தப் புள்ளிகள்தான் என் அம்மாவும் அவருடன் கொழுந்து பறிப்பவர்களும். ஒரு அட்டையை எங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டி வைத்திருந்தோம். "மூன்றாவது புள்ளி நான்தான்" என்பார் அம்மா. பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா அது தன்னுடைய கூடை என்பார். இதனால் இரண்டு வீட்டுக்கும் ஒரு முறை பேச்சே நின்றுபோனது.

அட்டையை வாங்குகிறவர்கள் எங்கே தூங்குகிறார்கள் என்று நான் அதுவரை நினைத்ததே இல்லை.

கோல்ஃப் திடல் பக்கம் சுவரில் கறுப்புக் கட்டை பதித்த வெள்ளைக்கார ஓட்டல் ஒன்று இருந்தது. அங்கே ஒரு கோப்பைத் தேநீரும் ஒரு பன்னும் என்ன விலை என்று அம்மாவிடம் சொன்னேன். கோப்பையையும் வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்களா என்று கேட்டார். பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் சீனர்களின் ஓட்டல்கள் பரவாயில்லை. ஆனால் விடுமுறை என்றால் அவற்றின் மாடிப்படியில்கூட ஆள் படுத்திருக்கும்.

சாப்பாட்டுக்கு வழி இருந்தது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் காக்கா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் கடையில் பரோட்டா போன்ற ரொட்டி சானாய் கேட்டால் பருப்புக் குழம்பை ரொட்டி மிதக்கும்வரை ஊற்றுவார். மீன் குழம்பு கேட்டால் மீனைத் தவிர மற்றதெல்லாம் தாராளமாக வரும். காப்பிக் கடையில் ரொட்டியைக் கரியில் வாட்டி, தேங்காய்ப்பால் ஜாமைத் தடவித் தருவார்கள். கையில் பிடித்திருக்கும்போதே குளிர் போய்விடும். ஆக, குறைந்த காசில் வயிறு நிறையும். படுக்கத்தான் இடமில்லை.

எங்கள் வீட்டிலோ முன்னறை காலியாகக் கிடந்தது. அக்கா கல்யாணமாகி ரிங்லெட்டுக்குப் போன பிறகு அதில் படுத்தவை இரண்டு பூசணிக்காய்களும் ஒரு பழைய சைக்கிளும் மட்டும்தான்.

ரோஜா செத்தது தண்ணீர் அதிகமானதால். இதில் ஊற்ற எதுவுமில்லை. இது பிழைக்கும் என்று அந்தத் தூறலிலேயே எனக்குத் தோன்றிவிட்டது.

பஸ்ஸில் பிறந்த உறவு

துண்டுக்காரரின் பெயர் சதாசிவம். கிள்ளான் துறைமுகத்தில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். மனைவி மங்களம். வியாழக்கிழமை மாலை ஏறி வந்தவர்கள், சனிக்கிழமை காலை இறங்கிவிடுவதாகத் திட்டம். திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போயாக வேண்டும். அவருடைய மேலதிகாரி, லீவு முடிந்து ஒரு நிமிடம் தாமதமாக வந்தவரை வாசலிலேயே நிற்க வைத்து, எல்லாரும் பார்க்கும்படி கடிகாரத்தைப் படிக்கச் சொல்கிற மனிதராம்.

இரண்டு இரவுத் தங்கலுக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு விலை பேசினோம். மங்களம் அதைக் குறைத்தார். நான் குறைக்க விட்டேன். முதல் வாடிக்கையாளர் அல்லவா.

தோட்டத்துச் சந்திப்பு நெருங்கியபோதுதான் அவர்களிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டது நினைவுக்கு வந்தது. நாங்கள் இருந்த லயம், தொழிலாளர்களுக்கான வரிசை வீடு, எங்களுடையது அல்ல, தோட்டத்துடையது. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும்வரை எங்களுக்கு வீடு. காசு வாங்கிக்கொண்டு வெளியாளைத் தங்க வைத்தால் வீட்டைப் பிடுங்கிவிடுவார்கள்.

இது வெறும் மிரட்டல் அல்ல. நான் பள்ளியில் படித்தபோது கீழ் லயத்தில் ஒரு குடும்பம் காய்கறி லோரிக்காரர் ஒருவருக்கு மூலையில் படுக்க இடம் கொடுத்துக் காசு வாங்கியது. தோட்ட மேலாளரான துரைக்குத் தெரிந்தது. அடுத்த சம்பளத்துக்குள் அவர்களுடைய கட்டில் சாலையோரம் மழையில் நின்றது. அந்த வீட்டுப் பெண் என் வகுப்புத் தோழி. அவள் போன பிறகு வகுப்பில் கணக்கில் நான்தான் முதல். அந்த முதலிடம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஆனால் சொந்தக்காரர்கள் வந்து தங்கலாம். அதற்குத் தடை இல்லை.

"நீங்க எங்க அப்பாவோட சித்தப்பா மகன். அப்பாவை அண்ணேன்னு கூப்பிடணும்" என்று பஸ்ஸிலேயே சொன்னேன்.

சதாசிவத்துக்கு முகம் சுருங்கியது. தாம் பொய் சொல்லிப் பழகாதவர் என்றார். மங்களம் துண்டைப் பிழிந்தபடி திரும்பினார்.

"போன மாசம் ஆபீஸ்ல வயித்து வலின்னு லீவு கேட்டது யாரு? அண்ணேன்னு கூப்பிட்டா வாய் வெந்தா போயிடும்?"

அண்ணே

அப்பா வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலையில் துண்டு கட்டிய ஒருவர் மூடுபனிக்குள்ளிருந்து வெளிப்பட்டு, "அண்ணே" என்று நடுங்கும் குரலில் கூப்பிட்டால் யாராக இருந்தாலும் பயப்படுவார்கள். நடுக்கம் குளிரால் வந்தது என்பது அப்பாவுக்குத் தெரியாது. பல காலம் தொலைந்துபோயிருந்த யாரோ ஒரு தம்பி என்று நினைத்து, ஒரு காலில் பூட்ஸோடு எழுந்து நின்றுவிட்டார்.

அடுப்படிக்கு இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். அப்பா கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொள்வது போல இருந்தது.

அம்மா மட்டும், "பிள்ளைங்க நனைஞ்சிருக்கு, மொதல்ல சோறு போடுறேன்" என்று அரிசியைக் களைய ஆரம்பித்தார். நெத்திலிச் சம்பல், முட்டைக்கோஸ் பொரியல், தக்காளி ரசம். கிள்ளான் பிள்ளைகள் ரசத்தைக் கோப்பையில் வாங்கிக் குடித்தார்கள்.

கம்பளிதான் போதவில்லை. லயத்தில் கம்பளி இரவல் வாங்காமல் விருந்தாளியைத் தூங்க வைக்க முடியாது. நான் வீடு வீடாகப் போனேன். ரகசியமாகத் தொடங்கிய என் தொழில் மூன்றாவது கம்பளிக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. நல்லவேளை, தெரிந்தது உறவினர் வந்த கதை மட்டும்.

கடைசிக் கம்பளியோடு திரும்பியபோது வாசலில் கருப்பையா மண்டோர் நின்றிருந்தார்.

மண்டோர் என்றால் எங்கள் லயத்துக்கு மேலாள். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுப்பவர், மாலையில் பிரம்போடு லயத்தைச் சுற்றி வருபவர், லயத்துச் செய்தியைத் துரையிடம் கொண்டுபோகிறவர். அதோடு மாரியம்மன் கோயில் தலைவரும் அவர்தான். ஆக, மேலே துரைக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும், அம்மனுக்கும் அவர்தான்.

யார் வந்திருப்பது என்று கேட்டார். அப்பா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அப்பாவோட சித்தப்பா மகன், மண்டோரய்யா. கிள்ளான்ல இருக்காங்க."

இங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு பொய்யைச் சொன்னால் அதற்குக் கொஞ்சம் அலங்காரமும் செய்து பார்ப்பது என் வழக்கம்.

"நம்ம திருவிழாவுக்குன்னே வந்திருக்காங்க" என்றேன்.

மண்டோரின் முகம் மலர்ந்தது. இந்தக் காலத்தில் டவுன்காரன் எவன் தோட்டத்துத் திருவிழாவுக்கு வருகிறான் என்று சதாசிவத்தின் தோளைத் தட்டினார். சதாசிவம் எதற்கும் இருக்கட்டும் என்று அவரையும் அண்ணே என்று கூப்பிட்டுவைத்தார்.

தூசித் தூள்

வெள்ளிக்கிழமை என் ஓட்டலின் பொற்காலம். அது ஒரு பகல்தான் நீடித்தது.

காலையில் சதாசிவம் தேயிலை மலையில் நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டார். தேநீர் கொடுத்தோம். குடித்துவிட்டு, இங்கேயே விளைகிற தேயிலை அல்லவா, அதுதான் இந்த ருசி என்றார். அவர் குடித்தது சல்லடையில் கடைசியாக விழும் தூசி. நல்ல தூளெல்லாம் பெட்டியில் ஏறிக் கடைக்குப் போய்விடும். அதே தூளை அவர் கிள்ளானில் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிறவர். இந்தத் தூசி அளவுக்கு அது வருவதில்லை என்று அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. வாடிக்கையாளரின் நாக்கை மதிக்க வேண்டும்.

குளிக்கத் தண்ணீர் சுட வைக்க விறகு பற்றவில்லை. பச்சைத் தண்ணீரை ஒரு குவளை ஊற்றிக்கொண்ட சதாசிவம் போட்ட சத்தத்தில் அஞ்சலை அக்கா வீட்டுக் கோழி கூடையைத் தள்ளிவிட்டு ஓடியது. அதன் பிறகு அவர் குளிப்பதைப் பற்றிப் பேசவில்லை.

மதியம் அவருக்கு ஒரு குறை வந்தது. சாப்பாட்டில் கறி இல்லை. அன்று மாலை கோயிலில் காப்புக் கட்டு. லயமெங்கும் கழுவி, சட்டியெல்லாம் தேய்த்துக் கவிழ்த்தாகிவிட்டது. அம்மா சாம்பாரும் கத்திரிக்காயும் வைத்தார். மங்களம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். சதாசிவமோ மலையில் ஏறியதிலிருந்து பசி நாய் போலத் துரத்துகிறது என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறி டவுனுக்குப் போனார்.

காப்புக் கட்டு என்றால் என்ன என்று இப்போது சொல்லிவிடுகிறேன். திருவிழா தொடங்கும் நாளில் பூசாரியின் கையில் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். கயிறு அவர் கைக்குத்தான், கட்டு தோட்டத்துக்கே. அன்றிலிருந்து லயத்தில் கவுச்சி ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, காப்புக் கட்டும்போது தோட்டத்து எல்லைக்குள் இருந்தவர்கள் யாரும் திருவிழா முடியும்வரை வெளியே போய் இரவு தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். இருட்டினால் வந்துவிட வேண்டும்.

எனக்கு இது தெரியாதா? நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். ரிங்லெட்டிலிருந்து அக்காகூட காப்புக்கு முந்தியே வந்து போய்விடுவாள், இல்லையென்றால் கடைசி நாள்தான் வருவாள். ஆனால் அது எங்களுக்கான கட்டு. காசு கொடுத்துப் படுக்கிற ஓட்டல்காரர்களுக்கும் அது பொருந்தும் என்று நினைக்கவில்லை. அவர்கள் ஓட்டல்காரர்களாக வரவில்லை என்பதை நான் மறந்துபோனேன்.

மாலையில் தப்பு முழங்கியது. மங்களம் பிள்ளைகளோடு கோயிலில் முன்வரிசையில் நின்று குங்குமம் வாங்கிக்கொண்டார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முதல் வாடிக்கையாளர் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பெட்டியைக் கீழே வை

சனிக்கிழமை காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்கு பேரும் லயத்தின் கடைசி வீட்டைத் தாண்டினார்கள். அப்பாவும் நானும் வழியனுப்பப் பின்னால் போனோம். அப்பா இரண்டு நாள் கழித்து அன்றுதான் நிமிர்ந்து நடந்தார்.

பாதையில் மண்டோர் வந்தார். பெட்டியைப் பார்த்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

ஊருக்கு என்றார் சதாசிவம்.

"காப்புக் கட்டியாச்சுலா. அடுத்த ஞாயித்துக்கெழமை சாமி மலையேறுற வரைக்கும் யாரும் வெளிய தங்கக் கூடாது. பெட்டியக் கீழ வைங்க."

சதாசிவம் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். மண்டோர் சிரிக்கவில்லை. சதாசிவம் என்னைப் பார்த்தார். நான் தேயிலைச் செடிகளைப் பார்த்தேன்.

தம் வேலை, திங்கட்கிழமை, மேலதிகாரி, வாசல் கடிகாரம் எல்லாவற்றையும் அவர் எடுத்துச் சொன்னார். மண்டோர் பொறுமையாகக் கேட்டார். திருவிழாவுக்கென்றே வந்த உறவு, திருவிழா பார்க்காமல் போனால் தோட்டத்துக்கு ஆகாது என்றார். ஒரு வருடம் யாரோ இப்படிப் போய், அந்த மாதமெல்லாம் மலையில் மண் சரிந்ததாம்.

சதாசிவத்தின் காது சிவந்துகொண்டு வந்தது. "இங்க பாருங்க, நான் ஒண்ணும் இவங்களுக்கு..." என்று ஆரம்பித்தார்.

அந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். 'சொந்தக்காரன் இல்லை, காசு கொடுத்துத் தங்கினவன்.' அதைச் சொன்னால் அவருக்கு விடுதலை. எங்கள் கட்டில் சாலையோரத்தில். அப்பாவின் கை என் தோளைப் பிடித்தது. கோபத்தில் பிடித்தது போல இல்லை, விழாமல் இருக்கப் பிடித்தது போல இருந்தது.

மங்களம் ஒருமுறை அந்தக் கையைப் பார்த்தார். பிறகு கணவரின் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்துவிட்டு முன்னே வந்தார்.

"மண்டோரண்ணே, ஒரு சந்தேகம். காப்புக் கட்டுறப்ப தோட்டத்துக்குள்ள இருந்தவங்களுக்குத்தானே இந்தக் கட்டு?"

ஆமாம் என்றார் மண்டோர்.

"அப்ப இவருக்கு எப்படி வரும்? நேத்து தப்படிச்சப்போ இவரு தோட்டத்துலயே இல்லையே. டவுன்ல இருந்தாரு."

மண்டோர் யோசித்தார். பாயிண்ட்தான். ஆனால் பிரம்பைத் தரையில் ஊன்றி, டவுனில் அந்த நேரத்தில் என்ன வேலை என்று சதாசிவத்தைக் கேட்டார்.

சதாசிவம் மனைவியைப் பார்த்தார். சொல்லுங்கள் என்று அவர் தலையை ஆட்டினார்.

"காக்கா கடையில சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்ட?"

மலைமேல் யாரோ யாரையோ கூப்பிடும் குரல் கேட்டது.

"ஆட்டுக்கறி."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மண்டோர் இரண்டடி பின்னால் போயிருந்தார். அம்மன் காப்பு ஏறுகிற நேரத்தில் ஆட்டுக்கறி தின்ற வாய், அந்த வாயோடு இரவு தோட்டத்துக்குள் வந்து படுத்திருக்கிறது. அவர் பிரம்பை நீட்டி பஸ் சாலையைக் காட்டினார்.

"நீ போயிரு. நீ இருந்தாத்தான் ஆகாது. இப்பவே போயிரு."

மனைவி மக்களும் வரலாமா என்று சதாசிவம் மெல்லக் கேட்டார். அவர்கள் குங்குமம் வாங்கியவர்கள், அவர்களுக்குக் கட்டு உண்டு என்று தீர்ப்பாகிவிட்டது. அப்படியென்றால் சரி என்று மங்களம் உடனே ஒப்புக்கொண்டதில் சதாசிவத்துக்குக் கொஞ்சம் வருத்தம். பெட்டியிலிருந்து தம் சட்டைகளை மட்டும் துண்டில் மூட்டை கட்டிக்கொண்டு, அவர் தனியாகப் பஸ் ஏறினார்.

அப்பா என் தோளிலிருந்து கையை எடுத்தார். அந்த இடம் இரண்டு நாள் வலித்தது.

சித்தியின் வாரம்

ஒரு வாரம் ஒரு பெண்ணுக்கு அடுப்படியிலிருந்து விடுமுறை கிடைத்தால் என்ன ஆகும் என்று பார்த்தேன். முதல் நாள் மங்களம் தூங்கினார். இரண்டாம் நாள் அஞ்சலை அக்காவோடு பூக்கட்டினார். மூன்றாம் நாள் கோயில் சமையலில் சாம்பாருக்குப் புளி போதாது என்று சொல்லி மண்டோரின் மனைவியோடு சண்டை போட்டார். நான்காம் நாள் அவர் சொன்ன அளவுக்குப் புளி கரைத்தார்கள். அதற்குள் அவரை நானும் சித்தி என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தேன். நடிப்புக்காக அல்ல, வேறு எப்படிக் கூப்பிடுவது என்று மறந்துபோய்.

பிள்ளைகள் இரண்டும் லயத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து காலில் அட்டை ஏறினால் உப்பு வைக்கக் கற்றுக்கொண்டன.

என் தொழில் மட்டும் படுத்துவிட்டது. கூடுதல் நாட்களுக்குச் சித்தி காசை எடுத்து நீட்டினார். அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சாமி முன்னால் நின்று உறவு என்று சொல்லியாகிவிட்டது, உறவிடம் சோற்றுக்குக் காசு வாங்கினால் உருப்படுமா என்றார். முதல் இரண்டு நாளுக்குப் பேசியதையும் அம்மாவே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். ஒரு பொய்யை நான் வியாபாரத்துக்காகச் சொன்னேன். அம்மா அதை நம்பத் தொடங்கிவிட்டார். இப்படிப்பட்ட சமையற்காரரை வைத்துக்கொண்டு எந்த ஓட்டலும் நடக்காது.

வேன்

கடைசி ஞாயிற்றுக்கிழமை தேர் லயத்தைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, சந்திப்பிலிருந்து ஒரு வேன் முனகியபடி ஏறி வந்தது. முன் ஸீட்டிலிருந்து, இந்த முறை திங்கட்கிழமைக்கும் சேர்த்து லீவு வாங்கிக்கொண்டு, சதாசிவம் இறங்கினார். மனைவி மக்களைக் கூட்டிப்போக வருவார் என்று தெரியும். ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு அம்மாள் இறங்கினார், ஒரு தாத்தா இறங்கினார், ரொட்டி டின்னோடு ஒரு பையன் இறங்கினான், பிறகு இன்னொரு குடும்பமே இறங்கியது. எல்லாரும் கழுத்தில் துண்டு சுற்றியிருந்தார்கள். குளிருக்கு அதுதான் நல்லது என்று அவர் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

அவர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் உள்ளவர்களாம். கேமரன் மலையில் மலிவாக ஓர் இடம், சாப்பாடு பிரமாதம் என்று அவர் வரிசை முழுக்க, ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டார். தங்குவதற்கான முறையையும் சொல்லியிருந்தார்.

அப்பா தேர்வடத்தைப் பிடித்து நின்றிருந்தார். வேனில் வந்தவர்கள் நேராக அவரிடம் போனார்கள்.

"அண்ணே" என்றார் ஒருவர். "அண்ணே" என்றார் அடுத்தவர். அந்தத் தாத்தாவும், அப்பாவைவிட இருபது வயதாவது மூத்தவர், பல் இல்லாத வாயைத் திறந்து, "அண்ணே" என்றார்.

அப்பா வடத்தை விட்டுவிட்டார். தேர் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. தப்பு நின்றது. லயமே திரும்பிப் பார்த்தது. தேருக்கு முன்னால் மண்டோர் நின்று, இறங்கியவர்களைப் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணுவது போலப் பிரம்பு முனையால் ஒவ்வொருவராக எண்ணினார். எண்ணி முடித்து என்னை விரலால் கூப்பிட்டார்.

கோயில் சமையல் கொட்டகைக்குப் பின்னால் போனோம். புகை கண்ணைக் கரித்தது. கண்ணில் நீர் வந்தது புகையால் மட்டுமல்ல. எங்கள் கட்டிலை எந்தச் சாலையோரத்தில் வைத்தால் குறைவாக நனையும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். துரையிடம் அப்பாவைச் சொல்லாதீர்கள், எல்லாம் என் வேலைதான் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்கு மொத நாளே தெரியும். அந்தக் கிள்ளான்காரன் சோறு தின்னுட்டு உங்க அம்மாவுக்கு தேங்க்யூ சொன்னான். எந்தச் சித்தப்பா மவன் சோத்துக்கு தேங்க்யூ சொல்லுவான்? உப்பு கொறச்சல்ன்னுதானே சொல்லுவான்?"

பிறகு ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

அவர் கொட்டகைக்கு உள்ளே ஒரு முறை எட்டிப் பார்த்தார். அவர் மனைவி புளி கரைத்துக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வீட்டுலயும் பின்னால ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. உங்க அப்பனுக்கு மட்டுந்தான் கிள்ளான்ல சொந்தக்காரங்க இருக்கணும்னு சட்டமாலா? அந்தப் பெருசு யாருக்குத் தம்பின்னு இன்னும் முடிவு பண்ணலையே. எனக்குத் தம்பியா இருக்கட்டும்."

தாத்தாவும் அவர் குடும்பமும் அன்று மண்டோர் வீட்டில் தங்கினார்கள். மற்றவர்கள் அஞ்சலை அக்கா வீட்டில். அக்காவுக்கு அவர்கள் தாய்மாமன் வழியாம், அவரே யோசித்துக் கண்டுபிடித்தது. தேர் மறுபடி நிமிர்ந்து புறப்பட்டது. அப்பா வடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மூச்சுக்கு மூச்சு யாரோ ஒருவர் அண்ணே என்றார். ஒரு வளைவில் அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

நான் தேருக்குப் பின்னால் நடந்தபடி கணக்குப் போட்டேன். ஆகஸ்டு விடுமுறைக்குள் லயத்தில் எத்தனை அறை தேறும்? தேறினாலும் போதாது. கிள்ளான் துறைமுகம் பெரியது. அங்கே எத்தனை கிளார்க்குகள் இருப்பார்கள் என்று நினைத்தாலே மூச்சு முட்டியது.

தேர் மேட்டில் திரும்பியபோது எதிர்க்குன்றில் துரையின் பங்களா தெரிந்தது. அகலமான ஜன்னல்கள், இரண்டு புகைபோக்கிகள், குளிர் காயக் கணப்பு. இருப்பது துரையும் துரைசாணியும் மட்டும். அவர்களும் வருடக் கடைசியில் நீண்ட லீவில் சீமைக்குப் போகிறார்கள் என்று பேச்சு. அவர்கள் திரும்பி வரும்வரை பங்களாவில் இருக்கப்போவது சமையற்காரர் ராயப்பன் ஒருவர்தான். ஆறு அறைக்கு ஒரே ஆள்.

மறுநாள் காலை முதல் வேலையாக, ராயப்பன் மாமாவுக்கு எந்த ஊரில் சித்தப்பா என்று விசாரிக்கக் குன்றேறினேன்.